டீனுஸுக்குப் போட்ட ஏழு

டாக்டர் ரைனாட் டெர்ப்ஸ்ட்ராவுக்கு நோயாளிகளைப் பிடிக்காது. நோயாளிகளைப் பற்றிய எண்களைத்தான் பிடிக்கும். எண்கள் இருமுவதில்லை, மகளுக்கு போன் போட்டுக் கொடு என்று கெஞ்சுவதுமில்லை.

2020 மார்ச். கார்னிவல் திருவிழா முடிந்து மூன்றாவது வாரம். நான்கு நாள் தோள்மேல் கை போட்டு ஆடி, ஒருவர் கிளாஸில் ஒருவர் பீர் குடித்த எங்கள் தெற்கு மாகாணமான பிராபாண்டின் ஊர்க்காரர்கள் மூச்சிரைக்க மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் வடக்கேயிருந்து இந்த மேதையை அனுப்பினார்கள். கொரோனா வந்தவர்களில் யார் சாவார்கள், ஏன் சாவார்கள் என்று கட்டுரை எழுதப்போகிறாராம். வயது, ஆண், பருத்த உடம்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம். இருபத்தேழு வருடமாக நர்ஸாக இருக்கும் எனக்கு இது நோயாளி வாசலில் நுழையும்போதே தெரியும். நான் சொன்னால் வம்பு, அவர் சொன்னால் ஆராய்ச்சி.

அவருடைய தாளில் கடைசிக் கட்டம் தளர்ச்சி எண். ஒன்று என்றால் ஓடியாடும் ஆள், ஒன்பது என்றால் சாகக் கிடப்பவர். ஐ.சி.யூ. படுக்கைகள் தீர்ந்துகொண்டிருந்ததால், ஐந்துக்கு மேல் போனவர்களுக்கு வென்டிலேட்டர் இல்லை என்று முடிவாகியிருந்தது. அந்த முடிவைக்கூட நான் குறை சொல்லவில்லை. எண்ணையாவது ஒழுங்காகப் போட வேண்டாமா?

ஒரு நாள் காலை டீனுஸ் ஃபெர்ஹூவன் வந்தார். எழுபத்து மூன்று வயது, நல்ல தொப்பை, சர்க்கரை வேறு. டாக்டர் அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று இருபது நொடி பார்த்தார்.

"தானா எழுந்து உக்காருறாரா?"

"முப்பத்தொம்பதரை காய்ச்சல் டாக்டர். யாரு உக்காருவா?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க யோக்கே."

"இல்ல."

"சாப்பாடு?"

"நான்தான் ஊட்டுறேன்."

"அப்ப ஏழு" என்று லேப்டாப்பில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தத் தாளின் இரண்டாவது வரியில் தெளிவாகவே எழுதியிருக்கிறது: நோய் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு ஆள் எப்படி இருந்தார் என்று விசாரித்து எண் போட வேண்டும். காய்ச்சலில் கிடப்பவரைப் பார்த்துப் போடுவதற்குப் படிப்பு எதற்கு? டீனுஸின் மகள் ஆனூக்கை போனில் அழைத்தேன்.

"அப்பாவா? கார்னிவல்ல நாலு நாளும் பெரிய மேளம் அவருதான் அடிச்சாரு. அதுக்கு மறுநாள் சைக்கிள்ல வந்து என் வீட்டுக் கூரையில ஓடு மாத்தினாரு. ஏன் கேக்குறீங்க?"

"ஐ.சி.யூ.ல படுக்கை கேக்கணும்."

"இதச் சொன்னா குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க" என்றேன். என் வாயில் சனி.

டீனுஸுக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து மெல்லக் கேட்டார்.

"என்னம்மா, பரீட்சையில தேறினேனா?"

"மார்க் போட்ட வாத்தியாரு சரியில்ல பெரியவரே. திருத்தச் சொல்லப் போறேன்."

"அடிச்சுப்புடாத."

டாக்டர் ரொட்டியும் சீஸுமாக உட்கார்ந்திருந்தார். மணி பன்னிரண்டரை. நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, தலையாட்டினார்.

"நியாயந்தான். ஆனா தனியா மாத்த முடியாது. ரெண்டு மணிக் கூட்டத்துல வைங்க."

எங்கள் நாட்டில் வீடு தீப்பிடித்தாலும் முதலில் கூட்டம் போட்டு, காபி ஊற்றி, ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து, எல்லோருடைய கருத்தையும் கேட்ட பிறகுதான் தண்ணீர் ஊற்றுவோம். இரண்டு மணிக்குக் கூடினோம். ஏழு பேரும் ஒப்புக்கொண்டார்கள். எண் மூன்றானது. டாக்டரும் பெருந்தன்மையாகச் சிரித்தார். கடைசிப் படுக்கை ஒரு மணிக்கே வேறொருவருக்குப் போயிருந்தது. அடுத்தது எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் டீனுஸ் இறந்தார். ஆனூக் போனில் அழவில்லை.

"மேளம் அடிச்சதச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொன்னேன்."

செப்டம்பரில் டாக்டரின் கட்டுரை வெளியானது. நல்ல சேதி உள்ளவர்தான் கேக் வாங்கி வரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆப்ரிகாட் கேக்கோடு வார்டுக்கு வந்தார், கட்டுரைப் பிரதி ஒன்றையும் மேசையில் வைத்தார். கடைசிப் பக்க அட்டவணையில் தேடினேன். நோயாளி 41. ஆண், 73, பருமன், சர்க்கரை, தளர்ச்சி ஏழு, மரணம்.

"இது டீனுஸ். மூணுன்னு திருத்தினோமே டாக்டர்."

"ஒரு ஆளால கணக்கு மாறாது யோக்கே."

"மாறாதுன்னா மூணுன்னே போட்டிருக்கலாமே?"

கேக்கை மென்றுகொண்டே, குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினார்.

"மூணு வாங்கினவருக்கு ஏன் படுக்கை குடுக்கலன்னு கேப்பாங்க. ஏழுன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

அந்த முகத்தில் வெட்கம் துளிகூட இல்லை. கையிலிருந்த துண்டைத் தட்டோடு குப்பையில் போட்டேன்.

"இனிப்பு ஆகாதா உங்களுக்கு?" என்றார்.

மதியம் ஆனூக்கை அழைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். படுக்கை கிடைக்கும் என்று அன்றைக்கு நான் வாக்குக் கொடுத்தது தப்பு என்றும் சொன்னேன்.

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"அப்பாவோட மருத்துவக் கோப்பைக் கேட்டு எழுது. மகள் நீ கேட்டா குடுத்துத்தான் ஆகணும். அதுல அன்னிக்கு ரெண்டு மணிக் கூட்டத்தோட குறிப்பு இருக்கும். ஃபெர்ஹூவன், தளர்ச்சி மூன்று, டாக்டர் டெர்ப்ஸ்ட்ரா சம்மதம், மணி ரெண்டு பத்து. அத அப்படியே கட்டுரை போட்ட பத்திரிகைக்கு அனுப்பு."

"அது கண்டிப்பா இருக்குமா? நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும். அன்னிக்குக் குறிப்பு எழுதினது நான்தான்."