சட்டைப் பையில் ஆறு மாத்திரைகள்

துணியை ஊற வைக்கும் முன் பையைத் தடவிப் பார்ப்பது தையல்காரியின் பழக்கம். கணவனின் சட்டைப் பையில் திருகாணி, வாஷர், பாதிப் பென்சில் என்று எது வேண்டுமானாலும் இருக்கும். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டவள் இதற்கெல்லாம் அலுத்துக்கொண்டால் ஆகுமா? அன்று காலை கைக்கு வந்தது ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால், உள்ளே ஆறு மாத்திரைகள். தினமும் காலையில் விழுங்கும் அதே மாத்திரைகள்.

இருவருக்கும் எச்.ஐ.வி. ஒரே நாளில் மருந்தைத் தொடங்கி, ஒன்றரை வருடமாகத் தினமும் காலை எட்டு மணிக்குச் சேர்ந்து உட்கார்ந்து ஆளுக்கொரு மாத்திரை விழுங்குகிறவர்கள். ஆறு நாளாக இந்த மனுஷன் விழுங்குவதுபோல் நடித்திருக்கிறான்!

அவனுக்குக் கூடுதலாக ஹெபடைடிஸ் பி வேறு. "எதிர்ப்புச் சக்தி உங்களுக்குக் கொஞ்சம் மெதுவா ஏறலாம். ஆனா இதே மாத்திரைதான் கல்லீரல் கிருமியையும் அடக்கி வச்சிருக்கு. நீங்களா நிறுத்தினா அது கிளம்பிடும், உயிருக்கே ஆபத்து" என்று மருத்துவமனை ஆலோசகர் அக்கா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

மெதுவாக ஏறும் என்று சொன்னபடிதான் நடந்தது. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்கள் போன மாதச் சோதனையில் அவளுக்கு ஐந்நூற்றுப் பத்து, அவனுக்கு நூற்றுத் தொண்ணூறு. முடிவுகளை வாங்கி வருவது எப்போதும் அவள்தான். அவன் முகம் வாடிவிடுமே என்று, "எனக்கும் நூத்தித் தொண்ணூறுதான்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். நல்ல ஜோடிப் பொருத்தம் என்று சிரிப்பு வேறு.

அவன் குளித்துவிட்டு வந்ததும் பொட்டலத்தை நீட்டினாள்.

"இது என்னங்க?"

தலை துவட்டுவதை நிறுத்தினான். "பிரயோஜனம் இல்லாததை எதுக்கு முழுங்கணும்?"

"பிரயோஜனம் இல்லேன்னு யாரு சொன்னா?"

"ஒரு லிஃப்ட் நின்னா அந்த லிஃப்ட்ல கோளாறு. பக்கத்து லிஃப்ட்டும் சேர்ந்து நின்னா மெயின் லைன்ல கோளாறு. எனக்குக் கல்லீரல்ல கிருமி இருக்கு, ஏறலை, சரி. உனக்குத்தான் அது இல்லையே? உனக்கும் ஏறலைன்னா மாத்திரைதான் சரியில்லை."

அவன் யோசித்ததில் தப்பே இல்லை. அவள் சொன்ன எண்தான் பொய்.

தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து, நூல் பாபின்களுக்கு அடியில் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"எனக்கு ஐந்நூத்திப் பத்து. நீங்க மனசு விட்டுடக் கூடாதேன்னுதான் பொய் சொன்னேன்..."

அவன் காகிதத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படித்தான். பெயர், தேதி, எண். மறுபடியும் முதலிலிருந்து. திட்டுவான் என்று நினைத்தாள், வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தாள். அவனோ கட்டிலில் உட்கார்ந்து ஈரத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

"ஒரு மாசமா எனக்குச் சரியா தூக்கமே இல்லை. நான் போறதைப் பத்தி இல்லை. நீயும் போயிடுவேன்னு நெனச்சேன். அதுலதான் எல்லாமே விட்டுப் போச்சு."

அவள் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தாள். அன்றைய மாத்திரையை அவன் அவள் கண்ணெதிரே விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினான்.

"கிளம்புங்க. ஆறு நாள் விட்டதை அக்காகிட்ட சொல்லி, கல்லீரலைச் சோதிக்கணும்."

"திட்டுவாங்க."

"ரெண்டு பேரையும்தான் திட்டுவாங்க."

அவன் வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு, அவளுடைய காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான்.

"துவைக்கும்போது பாத்து எடு. இது எனக்கு வேணும்."