ரெட்டை விசில்

அரசு மருத்துவமனையின் பின்வாசல் நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் சாலை வளையும். அந்த வளைவிலேயே நடத்துனர் கழுத்தை நீட்டிப் பார்த்துவிடுவார். சுவரோரத்து நிழலில் ஒண்டியபடி நாலைந்து பெண்கள் நிற்பார்கள். மருத்துவமனையில் துணி வெளுக்கிறவர்கள், தரை துடைக்கிறவர்கள். எல்லாருமே இலவசப் பாஸ். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு கொடுத்தால் போகும். அவர் இரண்டு கொடுப்பார். ஓட்டுநரும் ஏன் என்று கேட்காமல் வேகத்தைக் கூட்டுவார்.

அவர் கெட்டவர் இல்லை. அலுத்துப் போனவர். அந்தப் பெண்கள் மூட்டை முடிச்சோடு மெதுவாக ஏறுவார்கள், வண்டி தாமதமாகும், பணிமனையில் நேரக் கண்காணிப்பாளர் காய்ச்சி எடுப்பார். வசூல் குறைந்தால் அதற்குத் தனியாக ஒரு மண்டகப்படி. மேலே இருக்கிறவர் இவரைக் குட்டினார், இவர் கீழே நின்றவர்களைக் குட்டினார். விசிலால் குட்டியதால் கை வலிக்கவில்லை.

இந்த நிலையில்தான் நகராட்சிப் பேருந்துகளையும் பணிமனை இடத்தையும் சேர்த்துத் தனியாரிடம் ஒப்படைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. பணிமனை கடைவீதிக்கு நடுவில் இருந்தது. பஸ்ஸைவிட அந்த மண்ணின் மேல்தான் எல்லாருக்கும் கண் என்று ஓட்டுநர் சொன்னார். தொலைக்காட்சியில் தினமும் வாக்குவாதம் நடந்தது. ஆளுங்கட்சிக்காரர் நட்டக் கணக்கு வாசித்தார். எதிர்க்கட்சிக்காரர் மக்கள் சொத்து என்று மேசையைத் தட்டினார். அவர் கட்சி ஆட்சியில் இருந்தபோது ஆரம்பித்து வைத்த திட்டம்தான் இது. நடத்துனரின் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவங்க ரெண்டு பேர்ல யாராவது கடைசியா எப்பங்க பஸ் ஏறியிருப்பாங்க?" என்று கேட்டபடி சத்தத்தைக் குறைத்தாள்.

நடத்துனருக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. மகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். புதிதாக வருகிற முதலாளி இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

நகராட்சி கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றை அறிவித்தது. தொழிலாளர்கள் பேசினால் வயிற்றுப்பாட்டுக்குப் பேசுகிறார்கள் என்று தள்ளிவிடுவார்கள், பயணிகள் வந்து பேசினால்தான் எடுபடும், அவரவர் வழித்தடத்திலிருந்து ஆள் கூட்டி வாருங்கள் என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டார். நடத்துனர் வண்டியில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். சிலர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். சிலர் கைபேசிக்குள் புகுந்துகொண்டார்கள். ஒருவர் மட்டும் "பார்க்கலாம்ணே" என்றார், கடன் கேட்டவரிடம் சொல்வது போல.

பஸ் இல்லாவிட்டால் யார் நிஜமாகவே நடுத்தெருவில் நிற்பார்கள் என்று யோசித்தபோது, அவருக்கு அந்தப் பின்வாசல் நினைவுக்கு வந்தது. விடுமுறை நாளில் அங்கே நடந்தே போனார். சீருடை இல்லாததால் முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சலவைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண்தான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சலவைச் சோடா கலந்த தண்ணீரில் ஊறி ஊறி அவர் விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"நீங்க ரெட்டை விசில்தானே?"

மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. வந்த காரியத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"நம்ம பஸ்ஸை விக்கப் போறாங்கம்மா. நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

"நம்ம பஸ்ஸா?" என்றார் அந்தப் பெண். "நின்னாத்தானேங்க அது யாரு பஸ்ஸுன்னு தெரியும்?"

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பார். அதில் இருந்தது அலுப்பு மட்டும்தான். அது அவருக்கு நன்றாகப் பழக்கமான அலுப்பு. திரும்பி நடந்தார்.

கூட்டத்தன்று மண்டபம் பாதிதான் நிரம்பியது. அவர் யாரையும் கூட்டி வரவில்லை. மக்களே கைவிட்ட பஸ்ஸை நாம் ஏன் கட்டி அழ வேண்டும் என்று ஆளுங்கட்சி உறுப்பினர் கேட்டார். எதிர்க்கட்சி உறுப்பினர் வழக்கம்போல மேசையைத் தட்டினார். பயணிகள் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று நகராட்சித் தலைவர் கேட்க, கடைசி வரிசையில் சலவைக்காரப் பெண் எழுந்து நின்றார்.

"பஸ் வருது. நிக்கிறதில்ல."

மண்டபம் சிரித்தது. "அதனாலதான் கொடுத்துடலாம்கிறோம்" என்றார் ஆளுங்கட்சி உறுப்பினர்.

"நான் இன்னும் முடிக்கலைங்க" என்றார் அந்தப் பெண். "என் மக போற ரோட்டுல தனியார் வேன்தான் ஓடுது. அதுவும் நிக்காது. ஏம்பான்னு கேட்டா, என் வண்டி, என் இஷ்டம்கிறான். அதுக்கு மேல யார்கிட்ட போறது? இந்த பஸ் நிக்கலைன்னா உங்ககிட்ட வந்து கேக்கலாம். அதான் கேக்குறேன். விக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நாளாச்சும் நிறுத்திப் பாருங்க."

யாரும் கை தட்டவில்லை. முடிவு தள்ளி வைக்கப்படுகிறது என்று தலைவர் அறிவித்தார். அந்தப் பெண் நடத்துனரைக் கை காட்டவும் இல்லை, அவர் பக்கம் திரும்பவும் இல்லை. கை காட்டியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

மறுநாள் அதே வளைவு. சுவரோரம் அதே பெண்கள். அவர் ஒரு விசில் கொடுத்தார். ஓட்டுநர் பழக்கதோஷத்தில் வேகத்தைக் கூட்டப் போய், சட்டென்று பிரேக்கை மிதித்தார். வண்டி நிறுத்தத்தைச் சற்றுத் தாண்டிப் போய் நின்றது.

"என்ன மச்சான், யாராவது எறங்கணுமா?"

"ஏறணும்."

"லேட்டாகும். அதுவும் இதைத்தான் விக்கப் போறாங்களே, இனிமே என்னத்துக்கு?"

நடத்துனர் படியில் நின்றபடியே சொன்னார். "அவங்க இனிமேதான் விக்கப் போறாங்க. நாம என்னிக்கோ விக்க ஆரம்பிச்சாச்சு மச்சான். நிக்கிறவங்களை விட்டுட்டு ஓட்டின ஒவ்வொரு தடவையும் இவங்க பங்கைப் பிடுங்கியிருக்கோம். பொதுச்சொத்தைக் காப்பாத்தணும்னா, மொதல்ல அது எல்லாருக்கும் பொதுவா இருக்கணும். இல்லேன்னா விக்கும்போது தடுக்க எவன் வருவான்?"

ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.

பெண்கள் ஓட முடியாமல் ஓடி வந்தார்கள். சலவைக்காரப் பெண் கடைசியாக, கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கி ஏறினார். நன்றி எதுவும் சொல்லவில்லை.

"நாளைக்கு நிறுத்தத்துலயே நிறுத்துங்க" என்றார்.