திராட்சையைக் கழுவியது நான்தான்

1

இந்தக் கதை ஒரு சந்தை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டது. பழ லாரிகள் வரிசைகட்டி நிற்க, ஒருத்தி மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். பழத்தைக் குப்பி நீரில் போட்டுக் குலுக்கினாள். அதில் விரல் நீளச் சோதனைப் பட்டை ஒன்றை நனைத்தாள். பூஞ்சைக்கொல்லி மருந்து பழத்தில் மிச்சமிருக்கிறதா என்பது டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடுமாம். முன்பெல்லாம் ஆய்வகத்திலிருந்து பதில் வருவதற்குள் பழம் நம் வயிற்றில் ஜீரணமாகியிருக்கும். எனக்குக் கை பரபரத்தது. வீடு போய்ச் சேரும்வரை பொறுக்காமல் பஸ்ஸிலேயே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

2

அதிகாலைப் பனியில் சந்தை மெல்ல

(வேண்டாம். பனிக்கு இங்கே வேலையில்லை.)

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சோதனைக்காரியின் மேசைக்கு முதல் லோடாக அவள் அண்ணனின் திராட்சை வருகிறது. (இது என் கைவேலை. நிஜத்தில் வந்தவர் யாரோ.) விடாத மழை, பூஞ்சை பிடித்துவிடுமோ என்ற பயத்தில் அண்ணன் அறுப்புக்குச் சற்று முன்புகூட மருந்து அடித்திருக்கிறான். தேறாவிட்டால் லோடு முழுவதும் குப்பைக் குழிக்குத்தான் போகும். அப்புறம் அண்ணி அவளிடம் முகம்கொடுத்துப் பேசுவாளா?

இரண்டு கோடு விழுந்தால் பழம் சுத்தம். ஒன்றோடு நின்றால் மருந்து அளவை மீறிவிட்டது. (தலைகீழாக இருக்கிறதே என்று நானும் கேட்டேன். அப்படித்தானாம்.)

3

முதல் வரைவில் இரண்டு கோடு விழுந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது. அண்ணன் பளபளவென்று கழுவிக் கொண்டுவந்த கொத்தை அவள்

கழுவியா?

திரும்பப் படித்தேன். ஆமாம், நான்தான் எழுதியிருக்கிறேன். அவன் மேல் எனக்கு அவ்வளவு பாசம். சோதனைக்காரி என்னைவிடக் கெட்டி. அடுத்த வரைவில் அவள் பட்டையின் உறையைப் பிரிக்கவே இல்லை.

"கழுவினதுல பார்த்தா எல்லாப் பழமும் தேறிடும்ணே. பெட்டிக்குள்ள அடியில இருந்து எடு."

"உனக்கு நான் அண்ணனா, வெறும் லோடா?"

"அண்ணன். அதனாலதான் நான் பார்க்கப்போறதில்ல."

4

அடியிலிருந்து எடுத்த பழத்தைக் குலுக்கிய நீரில் நனைத்த பட்டையை, பார்த்துச் சொல்லும்படி அடுத்த லாரி டிரைவரிடம் நீட்டினாள். எப்போதும் விழும் முதல் கோடு விழுந்தாயிற்று.

நானும் பார்க்கப்போவதில்லை. உங்களுக்கு இவர்களில் யாரும் சொந்தமில்லை, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று முடித்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. தேறினால் இந்த லாரி நேராக உங்கள் தெருவுக்குத்தான் வருகிறது. உங்கள் வீட்டுக் குழந்தை, கழுவும்வரை பொறுக்காமல் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

பரவாயில்லை, குனியுங்கள். இரண்டாவது கோடு விழவேண்டிய இடத்தில்