டேட்டாவ ஆன் பண்ணாதீங்க

"பப்பா ஸோ ரஹே ஹைன்"னு சொல்லிட்டு மாரீஸ்வரி ஃபோன கட் பண்ணிட்டா.

அப்பா தூங்குறாங்களாம். ரெண்டடி தள்ளி, சந்துல போட்ட பெஞ்சு மேல, தாடையச் சேத்துக் கட்டி, மூக்குல பஞ்சு வச்சுப் படுத்துக் கெடக்காரு அப்பா சொரிமுத்து. தலமாட்டுல அம்மா பேராச்சி உக்காந்து ஈ ஓட்டிட்டு இருக்கா. வாயில இருந்து எப்படி அந்தப் பொய் வந்துச்சுன்னு மாரீஸ்வரிக்கே தெரியல.

"யாருட்டி ஃபோன்ல?"ன்னு அம்மா கேட்டா.

"ராங் நம்பரும்மா."

ராங் நம்பர் இல்ல. ஷ்ரவண். அப்பா வேல பாக்குற பிவண்டி குடோன்ல ஆபீசரு. அப்பா அங்க டிஸ்பேட்ச் சூப்பர்வைசர். காலைல வர வேண்டிய மெயில் வரலயேன்னுதான் கேட்டான். விடியக்காலம் குழாயில தண்ணி வந்தப்ப, ரெண்டாவது குடத்த வைக்கக் குனிஞ்ச மனுசன் அப்படியே சாஞ்சுட்டாருன்னு அவன்கிட்ட யாரும் சொல்லல. சொல்லவும் கூடாது. இப்ப இல்ல. அவளுக்கு அது மட்டும்தான் தெரியும்.

விஷயம் இதுதான். தீவாளிக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம அப்பா ஃபோனத் தூக்கிட்டு வந்து அவ மடியில போட்டாரு. ஆபீஸ் மெயில இனிமே வீட்டுல இருந்தும் பாக்கணுமாம். ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் குரோம்ல போயி பாஸ்வேர்டு போட்டு, அப்புறம் வர்ற நம்பரையும் போட்டுப் பாக்கலாம். இல்லன்னா கம்பெனி ஆப்ப ஃபோன்ல ஏத்திக்கிடலாம், மெயிலு தானா வந்து விழும்.

"குரோம்லயே பாருங்கப்பா"ன்னு அவ சொன்னா. ஆப்பு ஏத்துனா ஒரு பக்கம் முழுக்க என்னென்னமோ கேட்டுச்சு. அவ இங்கிலீஷ் மீடியம். படிச்சா. "அப்பா, இதுல கம்பெனி நெனச்சா ஒங்க ஃபோன்ல இருக்குறத எல்லாம் அழிக்கலாம்னு போட்ருக்கு. ஆபீஸ் மெயில் மட்டும் இல்ல. எல்லாத்தையும்."

"என்னத்துக்கு அழிக்கப் போறான்?"

"வேலைய விட்டுப் போனா."

அப்பா சிரிச்சாரு. "நான் எங்கட்டி போவப் போறேன்? இருவது வருஷமா வெரட்டுதான், நான் போவலியே! ஆக்டிவேட்ட அமுக்கு. ரயில்ல நிக்க எடமில்ல, இதுல பாஸ்வேர்டுக்கு எங்க போவேன்?" அவரே குனிஞ்சு கட்டைவெரலால அமுக்கிட்டாரு. அவரோட சொந்த மெயிலும் அதுக்குள்ளயே வந்து உக்காந்துக்கிச்சு. "பாத்தியா, வீடும் ஆபீசும் ஒரே டப்பாவுல"ன்னு அவருக்கு ஒரே சந்தோஷம்.

அந்த டப்பாக்குள்ளதான் பாட்டும் இருக்கு.

இது அம்மாவுக்கே சரியாத் தெரியாது. வேலைக்குப் போகயில சயான்ல ரயில் ஏறுனா கல்யாண் ஸ்டேஷன் வரைக்கும் அப்பா பாடுவாரு. மொத வண்டி, கூட்டம் இருக்காது, கதவு ஓரம் நின்னுட்டு ஃபோன்ல ரெக்கார்டர ஆன் பண்ணிப் பாடுவாரு. ராத்திரி வந்து, மாரீஸ்வரி காதுல மட்டும் ஹெட்ஃபோன மாட்டி விட்டு, மொகத்தையே பாத்துட்டு இருப்பாரு. "அண்ணனுக்கு அனுப்புவோமாப்பா?"ன்னு கேட்டா, "அவன் சிரிப்பாம்ட்டி, வேண்டாம்"பாரு. யாருக்கும் அனுப்பல. எங்கயும் ஏத்தி வைக்கல. அவளுக்குன்னு தனி ஃபோன் கெடையாது. அப்பா குரல் இந்த உலகத்துல இருக்குற ஒரே எடம் அந்த விரிசல் விழுந்த ஃபோன்தான்.

அப்பா இல்லன்னு ஆபீசுக்குத் தெரிஞ்சா, வேலைய விட்டுப் போனவரு கணக்குதான. அப்ப?

ஷ்ரவணோட கால கட் பண்ண கையோட, மொத வேலையா ஃபோன்ல டேட்டாவ ஆஃப் பண்ணினா. நெட்டு இல்லன்னா கட்டளை வந்து சேராது, அம்புட்டுதான் அவளுக்குப் புரிஞ்சது. கால் மட்டும் வரும், போகும்.

"ஏட்டி, ஃபோனக் கொண்டா"ன்னு சித்தப்பா கோமதிநாயகம் வந்தாரு. அப்பாவுக்கு எளையவரு. லேபர் கேம்ப்ல அவருக்கு இட்லிக்கட. காலைல இருந்து அப்பா ஃபோன வச்சுத்தான் எல்லாருக்கும் தகவல் சொல்லிட்டு இருந்தாரு. ஊருக்காரங்க நம்பர் பூரா அதுலதான் கெடக்கு. வாங்கி, மெசேஜ் அடிச்சுப் பாத்தாரு. "ஊர்ச் சங்கத்து குரூப்ல போட்டேன், சுத்திக்கிட்டே கெடக்கு. போவ மாட்டேங்கு."

"சித்தப்பா, டேட்டாவ ஆன் பண்ணாதீங்க. ஒங்க ஃபோன்ல இருந்து போடுங்க."

"என் ஃபோன்ல பட்டன்தாம்ளா இருக்கு. வாட்ஸாப்ப எங்கன போய் சொருவ?"

அவ சொன்னா. ஆப்பு, கம்பெனி, அழிக்குறது, எல்லாம். சொல்லச் சொல்ல அவளுக்கே கிறுக்குத்தனமாப் பட்டுச்சு. சித்தப்பா வாயத் தொறந்தபடி கேட்டாரு.

"நம்ம காசுல வாங்குன ஃபோன அவன் எங்கயோ இருந்து அழிப்பானாக்கும்? கோடித் துணி எடுக்க ஆளு போவல, வண்டி சொல்லல, இதுல வந்து கத சொல்லுத!"

"நெசமா சித்தப்பா. அப்பா பாட்டு..."ன்னு ஆரம்பிச்சவ, அவரு கையில இருந்த ஃபோனையே பாத்தா.

அவரு அவ மொகத்தப் பாத்தாரு. ஃபோன அவ கையிலயே வச்சு, வெரல மடக்கி விட்டாரு. "சரி. நம்பரு மட்டும் சொல்லு. நான் வெளிய போயி அடிக்கேன்."

ஃபோன் மறுபடி அடிச்சது. ஷ்ரவண். எடுக்கல. அடிச்சு அடிச்சு ஓஞ்சது. ஒவ்வொரு தடவையும் அம்மா அவளையே பாத்தா. ராங் நம்பர் இத்தன தடவ கூப்புடுமான்னு கேக்கல.

மத்தியானம் வெயில் தகரத்துல எறங்குற நேரம், சந்து மொனையில ஒருத்தன் சாமந்தி மாலையோட வந்து நின்னான். ஆபீஸ் சட்டை, கழுத்துல ஐடி கார்டு. கூட ஜம்பு மாமா. அவரு அதே குடோன்ல வண்டி ஓட்டுறவரு, பக்கத்துச் சந்து. ஷ்ரவண்தான், ஜம்பு மாமா சொல்லிருக்காருன்னு மாரீஸ்வரிக்குப் புரிஞ்சிருச்சு.

ஷ்ரவண் மாலையப் போட்டான். அப்பா காலத் தொட்டுக் கும்புட்டான். அப்புறம் அவகிட்ட வந்தான். "தூனே போலா தா ஸோ ரஹே ஹைன்." தூங்குறாருன்னு சொன்னியேன்னு. குரல்ல கோவமே இல்ல. அதுதான் அவளுக்குத் தாங்கல. பயப்படாதம்மா, எச்.ஆருக்கு அப்பவே மெயில் போட்டுட்டேன், பி.எஃப், இன்சூரன்ஸ் எல்லாம் சீக்கிரம் நடக்கட்டும்னுதான்னு இந்தியில மெல்லச் சொன்னான். நல்லதுதான் பண்ணிருக்கான்.

"அங்க்கிள், ஃபோன்? ஃபோன் பீ சாஃப் ஹோகா க்யா?" ஃபோனும் அழிஞ்சு போயிருமான்னு கேட்டா.

அவனுக்கு மொதல்ல வெளங்கல. வெளங்குனதும் மொகம் மாறுச்சு. ஆளு பேரு லிஸ்ட்ல இருந்து போனா ஐடி ஆளுங்க அக்கவுண்ட மூடுவாங்க, மூடுனா ஃபோன் தானா சுத்தமாயிரும், எல்லாருக்கும் அப்படித்தான்னான். ஒதுங்கிப் போயி ரெண்டு மூணு பேருக்கு ஃபோன் போட்டான். ஒருத்தன் லஞ்சுக்குப் போயிருக்கானாம். இன்னொருத்தன் எடுக்கல. திரும்பி வந்து, "நெட் பந்த் ரக்னா"ன்னான், நெட்ட ஆஃப்லயே வச்சிருன்னு. அதையேதான் அவளும் காலைல இருந்து சொல்லிட்டு இருக்கா.

இப்ப அந்த அழிக்குற கட்டளை எங்கயோ கெளம்பிருச்சுன்னு அவளுக்குத் தோணுச்சு. எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து கெளம்பி, கண்ணுக்குத் தெரியாம, இந்தச் சந்து வாசல்ல வந்து நிக்குது. கதவத் தொறந்தா உள்ள வந்துரும். துப்பட்டாவுக்குள்ள ஃபோன வச்சு ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டா. எல்லாம் முடியட்டும். முடிஞ்சதும் ஃபோன் கடைக்குப் போயி, வயர் போட்டு, பாட்ட எல்லாம் வேற எதுலயாவது எறக்கிரலாம். அதுவரைக்கும். அதுவரைக்கும் மட்டும்.

அப்பாவக் குளிப்பாட்டுனாங்க. வாய்க்கரிசி போட்டாங்க. அம்மாவ ரெண்டு பொம்பளைங்க தோளப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. அவ அழவே இல்ல. சட்டை காலர மட்டும் நேராக்கி விட்டா. கொள்ளிச்சட்டி சித்தப்பா கையில. அண்ணன் பேச்சிராஜா சிங்கப்பூர்ல, கப்பல் பட்டறையில. விடிஞ்சதுல இருந்து, அவ டேட்டாவ ஆஃப் பண்ற வரைக்கும், சித்தப்பா இதே ஃபோன்ல அவனுக்கு வாட்ஸாப்ல அடிச்சு அடிச்சு, ரிங் போயிட்டே இருந்துச்சு. டூட்டி முடியிற வரைக்கும் ஃபோன லாக்கர்ல வச்சுப் பூட்டணும் அங்க. அவனுக்காக எவ்வளவு நேரம்தான் வைக்கிறது, வெயிலு வேற.

தூக்கப் போற நேரம் ஃபோன் அதிர்ந்துச்சு. வெளிநாட்டு நம்பரு. சாதாக் கால்.

"என்னப்பா, இத்தன மிஸ்டு கால்! என்ன விசேஷம்? வாட்ஸாப்ல போட்டா ரிங்கே போவல. நெட்டு போடலியா? என் பேலன்ச கரைக்காதீங்கப்பா, நெட்ட ஆன் பண்ணி வீடியோல வாங்க."

அவன் சிரிச்சுட்டே பேசுறான். பின்னாடி இரும்பு அடிக்கிற சத்தம்.

"அண்ணே. நான் மாரி."

"ஏட்டி, நீயா! அப்பாவ எங்க?"

காலைல ஒருத்தன்கிட்ட சட்டுனு வந்த பொய் இப்ப வரல. "அப்பா காலைல போயிட்டாங்கண்ணே. தண்ணி புடிக்கும்போது. தூக்கப் போறாங்க."

இரும்பு அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"மூஞ்சியக் காட்டுட்டி"ன்னான். அவன் குரல் மாதிரியே இல்ல.

அவ சுத்திப் பாத்தா. ஷ்ரவண் சந்து மொனையில, கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நிக்கான். மத்தவங்க தோளுல பாடை ஏறிட்டு இருக்கு. இன்னொரு ஃபோன் வாங்கி, நம்பரப் போட்டு, அவன் எடுத்து... அதுக்குள்ள பாடை சந்து திரும்பிரும். "ஏட்டி, மாரி, சீக்கிரம்"னு அண்ணன் காதுக்குள்ள கெஞ்சுறான்.

"சித்தப்பா, நில்லுங்க! எறக்குங்க! அண்ணன் பாக்கணுமாம்!"

சித்தப்பா திரும்பினாரு. அவ கையில இருந்த ஃபோனப் பாத்தாரு. அவ கண்ணப் பாத்தாரு. "எம்மா..."ன்னு என்னமோ சொல்ல வந்தாரு. அப்புறம் தூக்குனவங்களப் பாத்து, "எறக்குங்கடே"ன்னாரு.

அவ ஸ்க்ரீன மேல இருந்து கீழ இழுத்தா. வெரல் ரெண்டு தடவ தப்பாப் பட்டுச்சு. மூணாவது தடவ டேட்டா நீலமாச்சு.

டிங், டிங், டிங்னு காலைல இருந்து தேங்கி நின்ன மெசேஜ் எல்லாம் கொட்டுச்சு. நடுவுல வீடியோ. அண்ணன் மொகம், நெத்தியில ஹெல்மெட் அழுத்துன தழும்பு. அவ குனிஞ்சு ஃபோன அப்பா மொகத்துக்கு நேரா, அதோட சூடு அவரு மேல படுற அளவுக்குப் பக்கத்துல புடிச்சா. படம் ஆடக் கூடாதுன்னு மணிக்கட்ட இன்னொரு கையால புடிச்சுக்கிட்டா.

அண்ணன் பாத்தான். பாத்துட்டே இருந்தான்.

"ஷேவ் பண்ணி விடலியாட்டி அப்பாவுக்கு?"ன்னான். "மாரி, கொஞ்சம் காதுகிட்ட..."

ஸ்க்ரீன் கறுப்பாச்சு.

"டவர் போயிட்டுதா?"ன்னு சித்தப்பா கேட்டாரு.

மாரீஸ்வரி கறுப்புக் கண்ணாடியில தெரிஞ்ச தன் மூக்கப் பாத்தா. "ஆமா சித்தப்பா."

"பாத்துட்டான்லா?"

"பாத்துட்டான்."

"போதும்"னு அவரு சட்டியத் தூக்கிக்கிட்டாரு. சங்கு ஊதுச்சு. பொம்பளைங்க சந்து மொனையோட நின்னுட்டாங்க. பாடை மெயின் ரோட்டுல ஏறி, ஒரு டெம்போவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல பூந்து மறஞ்சது.

திரும்பி வந்து வீட்டக் கழுவி விட்டாங்க. வாசல் வரைக்கும் தண்ணி ஓடுச்சு. அம்மா தலைக்கு ஊத்திட்டு, ஈரத் தலையோட செவத்துல சாஞ்சு உக்காந்தா. பக்கத்துல மாரீஸ்வரி, மடியில ஃபோன். அது கொஞ்ச நேரம் செத்தது மாதிரி கெடந்துச்சு. அப்புறம் ஃபோன் கம்பெனி பேரு வந்துச்சு, போச்சு. அப்புறம் உள்ள இருந்ததெல்லாம் போயி, புது ஃபோன் மாதிரி வெள்ளையா வெளிச்சம் போட்டுச்சு. நடுவுல ஒரு வார்த்த.

அம்மா எட்டிப் பாத்தா. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

"வ...ணக்...கம். யாருட்டி வணக்கம் போட்ருக்கா?"

மாரீஸ்வரி ஸ்க்ரீன அம்மா பக்கத்துல இருந்து கொஞ்சம் திருப்பிக்கிட்டா.

"அப்பா போனது தெரியாதவுக யாரோ"ன்னா அம்மா. "பாவம். நீயே சொல்லிரு."

"சரிம்மா"ன்னா மாரீஸ்வரி. ஈரத் துப்பட்டா மொனையால ஸ்க்ரீன மெல்லத் தொடச்சா. அதுக்குள்ள அந்த வார்த்த மாறி, வேற ஏதோ பாஷைக்குப் போயிருந்துச்சு.