ஒரு வரி எடுத்த புத்தகம்

கீழ் கோத்தகிரிச் சரிவில் ராஜசேகரின் வீட்டுக்குள் மூடுபனி நுழைந்தால், ஒரு டம்ளர் டீ குடிக்காமல் போக விடமாட்டார். வேறு யாரும் வராத வீட்டில் அதையாவது உட்காரவைத்துப் பேச வேண்டுமே. முப்பத்தாறு வருடம் தேயிலை ஃபாக்டரியில் இலையின் பதம் பார்க்கும் டீ மேக்கராக இருந்தவர். மிஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, அவர் தும்மினால் மேட்டுப்பாளையத்தில் பஸ் நிற்கும் என்ற அளவுக்குத் தொண்டை முற்றியிருந்தது. ரிட்டயரான பிறகு அந்தத் தொண்டைக்கு வேலையே இல்லை. மனைவி சுகந்தி பேரனைப் பார்த்துக்கொள்ளக் கோயமுத்தூர் போய் இரண்டு வருடம். போனில் வந்தால், "ஸ்வெட்டர் போட்டீங்களா? கேஸ் இருக்குதுங்களா?" மூன்றாவது கேள்விக்குள் பேரன் அழுதுவிடுவான்.

அதனால்தான் புத்தகம் எழுதினார். சிறு விவசாயிகள் தங்கள் கொழுந்தை ஃபாக்டரிக்குப் போடாமல் வீட்டிலேயே தேயிலையாக்குவது எப்படி என்று எழுபது பக்கம். காகிதம் கிடையாது; பணம் கட்டினால் போனில் இறங்கிவிடும். கோத்தகிரி பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கும் சில்வஸ்டர் அதை நெட்டில் விற்பனைக்கு ஏற்றிவிட்டான். முதல் மாதம் ஒன்று போனது. அதையும் சில்வஸ்டரே, பணம் சரியாக வருகிறதா என்று பார்க்க வாங்கியிருந்தான்.

"வெறும் எழுத்து ஓசிலயே கெடைக்குதுங்ணா. கூட எதையாச்சும் சேர்த்துத்தான் மதிப்பை ஏத்தோணும்."

"என்னத்தடா சேர்க்கறது, முறுக்கா?"

"உங்களைத்தான். வாங்கறவங்களுக்கு நீங்களே போன்ல சந்தேகம் தீர்ப்பீங்கன்னு போட்டுடறேன்."

ராஜசேகருக்கு உச்சி குளிர்ந்தது. விலை இரண்டு மடங்காயிற்று. பதினொரு பேர் வாங்கினார்கள். போனை சோப்பு டப்பாவில் வைத்துக் குளியலறைக்குக்கூட எடுத்துப்போனார். இரண்டு வாரம் ஓடிற்று. இன்சூரன்ஸ் விற்கும் பெண் ஒருத்தி மட்டும் கூப்பிட்டாள். அவர் பேசிய பேச்சில், சரித்திரத்திலேயே முதல் தடவையாக அவளே பயந்து போனை வைத்தாள்.

"புக்கு ரொம்பத் தெளிவா இருக்குதுங்ணா. யாருக்கும் சந்தேகமே வரமாட்டேங்குது" என்றான் சில்வஸ்டர்.

டீ மேக்கர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கசக்கிய இலையை எவ்வளவு நேரம் விட்டுவைத்து, எப்போது சூட்டுக்கு அனுப்புவது என்ற பதத்தைப் பக்கத்து ஃபாக்டரிக்காரனுக்குச் சொல்லமாட்டார்கள், பெண்டாட்டிக்கும் சொல்லமாட்டார்கள். ராஜசேகர் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தார். "பச்சைவாசம் போய்ப் பழவாசம் எழுந்ததும் உடனே சூடு காட்டுக" என்ற வரியை எடுத்துவிட்டு, "நிறம் மாறும்வரை விடுக" என்பதை மட்டும் வைத்தார். சில்வஸ்டரிடம் திருத்தம் என்று சொல்லிப் புதிதாக ஏற்றச் சொன்னார். நான்கு பேர் வாங்கினார்கள்.

ஐந்தாம் நாள் போன் அடித்தது. சேரம்பாடியிலிருந்து பேச்சியம்மா.

"புக்கு எழுதுன சார்தானே? பதினஞ்சு கிலோ கொழுந்து சார். நிறம் மாறட்டும்னு ராத்திரி பூரா விட்டேன். காலையில பழைய கஞ்சியா புளிச்சுக் கெடக்கு. திங்கக்கிழமை ரிசார்ட்டுக்கு சாம்பிள் குடுக்கணும். புடிச்சா மாசாமாசம் எடுத்துக்கிறேன்னாங்க."

ராஜசேகர் காலண்டரில் திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினார்.

"இன்னும் கொழுந்து இருக்குதுங்களா அம்மணி?"

"மேல ரெண்டு வரிசை இருக்கு."

"பறிச்சு வாட்டப் போடுங்க. நாளைக்குக் கசக்கி முடிச்சதும் கூப்புடுங்க. கூடவே இருக்கறனுங்க."

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டாள்.

"இப்ப என்ன வாசம்?"

"வெட்டுன புல்லு."

"இருக்கட்டும்."

காத்திருக்கும் நேரத்தில் பேச்சு வந்தது. யானை அவள் வாழைத்தோப்பை முடித்த கதையைச் சொன்னாள். அவர், குளிர் தாங்காமல் ஃபாக்டரிக்குள் வந்து டிரையர் பக்கத்தில் படுத்த சிறுத்தையைப் பற்றிச் சொன்னார்.

"அது டீ குடிச்சுச்சா சார்?"

"சக்கரை கம்மியாப் போடச் சொல்லுச்சுங்க."

அவள் சிரித்தாள். ஸ்பீக்கரில் வந்த சிரிப்பு சமையலறை வரை போய்த் திரும்பியது. அந்தச் சுவர்கள் சிரிப்புச் சத்தத்தையே மறந்திருந்தன. ஒன்றரை மணி நேரம் ஒரு மிடறு தண்ணீர்கூட அவர் குடிக்கவில்லை. குடித்தால் அதற்குள் ஒரு வார்த்தை தவறிவிடும்.

"சார், இப்ப கொய்யாப்பழம் மாதிரி லேசா வருது."

இன்னும் அரை மணி விடுங்க. அந்த வாக்கியம் தொண்டையில் தயாராக வந்து நின்றது. சொன்னால் அரை மணி நேரம் அவள் இருப்பாள், இலை போய்விடும்.

"இப்பவே அடுப்புல ஏத்துங்க அம்மணி."

சட்டியில் இலை புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவள் கேட்டாள்: "இதை ஏன் சார் புக்குல போடல? ஒரு வரிதானே."

"போட்டுத்தான் இருந்தனுங்க. எடுத்துட்டேன்."

"ஏன்?"

"யாராச்சும் கூப்புடுவாங்கன்னு."

சட்டியில் கரண்டி இரண்டு தடவை ஓங்கி இடித்தது.

"பேச ஆள் வேணும்னா அதைச் சொல்லி விக்கணும் சார். எங்கொழுந்துதான் கெடச்சுச்சா?" இணைப்பு அறுந்தது.

அன்று மாலையே பஜாருக்கு இறங்கி வரியைத் திரும்பப் போடவைத்தார். வரி குறைந்த புத்தகத்தை வாங்கிய நான்கு பேருக்கும் முழுப் புத்தகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஒரு வரி விடுபட்டது என் தவறு, மன்னிக்கவும், சந்தேகம் இருந்தால் கூப்பிடவும்" என்று எழுதினார். மற்ற மூன்று பேரும் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை என்று சில்வஸ்டர் விசாரித்துச் சொன்னான். அந்த மட்டில் தப்பித்தார்.

பதில்கள் வந்தன. ஒரு கட்டைவிரல். இன்னொரு கட்டைவிரல். மூன்றாவது. திங்கட்கிழமை சாயங்காலம் சேரம்பாடியிலிருந்தும் ஒன்று. சாம்பிள் பிடித்துப்போயிற்றா, கோபம் தீர்ந்ததா, அந்த விரலைப் பார்த்து என்ன தெரியும்? கேட்டு எழுதினார், அழித்தார். இன்னொரு விதமாக எழுதினார், அழித்தார். கடைசியில் அவரும் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு, மழை வருவதற்குள் ஜன்னலைச் சாத்த எழுந்தார்.