பட்டுச்சேலையோடு இறங்கியதற்கு விளக்கம்

பட்டுச்சேலையோடு அலைக்குளத்தில் இறங்கியது ஏன் என்று எழுத்தில் விளக்கம் கேட்டு மேனேஜர் சங்கரலிங்கம் நீட்டிய தாளைப் பாண்டிசெல்வி இரண்டு முறை வாசித்தாள். விதி நான்கு: நைலான் உடை இல்லாதவர்கள் நீரில் இறங்கக் கூடாது. உயிர்காப்பாளர் பயிற்சியில் அவள் மனப்பாடம் செய்த விதிதான்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டில் முந்தின நாள்தான் வாட்டர் பார்க் திறந்தார்கள். வழியெல்லாம் பேனர்களில் முதலாளி வைகுண்டராஜ் 'நவீன பகீரதன்' ஆகியிருந்தார். பகீரதன் தவம் இருந்தான். இவரிடம் டேங்கர் லாரிகள் இருந்தன. விழாவுக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று பெண் உயிர்காப்பாளர்கள் நால்வருக்கும் ஒரே நிறத்தில் பட்டுச்சேலை கொடுத்து, பன்னீர்ச் செம்போடு மேடையருகே நிறுத்தினார்கள். குளத்தைக் கண்காணிக்கும் உயர நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

குளத்தையும் தெப்பக்குளமாகப் பாவித்து இரண்டு கூடை செவ்வந்தி கொட்டினார்கள். பூவெல்லாம் ஆழமான பக்கம் ஒதுங்கி, அலை வெளிவரும் கம்பி வலையை அடைத்தது. துப்புரவுக்காரி மாடத்தி சுவர் விளிம்பில் குந்தி அள்ளிக்கொண்டிருந்தாள். அலை கிளம்புமுன் சைரன் ஒலிக்க வேண்டும். அது மில் சங்கு மாதிரியும் இருந்தது, சாவுச் சங்கு மாதிரியும் இருந்தது. முதல் நாளே சங்கு ஊத வேண்டுமா என்று முதலாளி அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, கைதட்டலுக்கு நடுவே பொத்தானை அழுத்தினார். அலை எழுந்தது. விளிம்பில் மாடத்தி இல்லை.

பாண்டிசெல்வி செம்பைப் போட்டுவிட்டுக் குதித்தாள். கூமாப்பட்டிக் கிணற்றில் பழகிய நீச்சல். முடியைப் பற்றி மாடத்தியைக் கரைக்கு இழுத்து வரும்வரை கைதட்டல் ஓயவில்லை. விருந்தினர்கள் அதையும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்திருந்தார்கள்.

விளக்கத்தையும் அலுவலகத்திலேயே டைப் அடித்து வைத்திருந்தார்கள். ஆர்வ மிகுதியால் இறங்கிவிட்டேன், யாருக்கும் எந்த ஆபத்தும் நேரவில்லை.

"கையெழுத்துதானம்மா. போட்டுட்டு டூட்டிக்குப் போ. இல்லேன்னா மறுபடி பஞ்சு மில்லுதான்" என்றார் சங்கரலிங்கம்.

ஆறு வருஷம் மில்லில் இருந்தவள். தூசி நெஞ்சில் ஏறி, ஒரு வாக்கியத்தை இருமாமல் முடிக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. இங்கே பயிற்சிக்கு வந்த மூன்று மாதமாகத்தான் அது இல்லை.

"மாடத்தியக்கா என்ன சொன்னாவ?"

"ரேகை வச்சிட்டா. நீந்திப் பாக்க ஆசையா இருந்துச்சாம்."

"அவியளுக்கு நீச்சல் தெரியாது சார்."

"அதனாலதான் ஆசை."

இனி சைரன் உண்டா என்று கேட்டாள். ஆபத்தே நேராதபோது சைரன் எதற்கு, மங்களமாக நாதஸ்வர கேசட் போடப்போகிறோம் என்றார். கேசட் இன்னும் வரவில்லை.

தாளோடும் பேனாவோடும் வெளியே வந்தாள். மாடத்தி மிச்சப் பூக்களை வலைக்கம்பால் அள்ளிக்கொண்டிருந்தாள். முழங்கை தோலுரிந்திருந்தது.

"போட்ருட்டி. நான் உசுரோட நிக்கேன். அதத் தாள்ல வேற எழுதணுமாக்கும்?" என்றாள் முகத்தைப் பார்க்காமல்.

பாண்டிசெல்வி தலையாட்டினாள். குளத்தோரத்து உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தாளை முழங்காலில் விரித்துப் பேனா மூடியைத் திறந்தாள். அதற்குள் கிருஷ்ணன்கோவில் பக்கத்துக் கல்லூரிப் பேருந்துகள் இரண்டு வந்து நின்றன. நைலான் உடையில் பிள்ளைகள் கூச்சலோடு குளத்தில் இறங்கினார்கள். விதி நான்கை யாரும் மீறவில்லை. நான்கைந்து பேர் நேரே ஆழமான பக்கம் போய்க் கம்பி வலையைப் பிடித்துத் தொங்கினார்கள்.

வலைக்குப் பின்னால் இயந்திரம் உறுமத் தொடங்கியது. வேறு சத்தம் எதுவும் வரவில்லை.

அவள் நாற்காலியில் எழுந்து நின்று விசிலை வாயில் வைத்தாள். மில் சங்கு போல நீளமாக, விடாமல் ஊதினாள். நடுவில் இருமல் வரவில்லை. தொங்கியவர்கள் வலையை விட்டு விலகினார்கள். அலுவலக ஜன்னல் திறந்தது. மடியிலிருந்து நழுவிய தாள் முதல் அலையில் ஏறி, இறங்கி, செவ்வந்தி இதழ்களோடு வலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் இன்னும் ஊதிக்கொண்டிருந்தாள்.