பட்டனின் உயரம்

மேசைமேல் ஏற்றியதுமே பட்டன் வாலை ஆட்டிக்கொண்டு அளவுகாரரின் மூக்குக் கண்ணாடியை நக்கியது. வரிசையில் நாயும் கையுமாக நின்றவர்கள் சிரித்தார்கள். பட்டனைத் தூக்கி ஏற்றிய அவளுக்கும் நெஞ்சு கொஞ்சம் இளகியது. இன்று உயர அட்டையில் கையெழுத்து விழுந்துவிட்டால், அடுத்த மாதம் புதியவர்களுக்கான நாய்த் தடை ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாம். எந்த நாய்க்கு எவ்வளவு உயரத்தில் தடை கட்டுவது என்பதே அந்த அட்டையைப் பார்த்துத்தான்.

பகலெல்லாம் பல் செட் செய்யும் கூடத்தில் முகம் தெரியாதவர்களின் வாய்க்குப் பொய்ப்பல் தேய்த்து உருவாக்குவது அவள் வேலை. தையல் வகுப்பு, கார் ஓட்டுதல், கிடார் என்று தொட்டதையெல்லாம் பாதியில் விட்டவள் என வீட்டில் பேர் எடுத்தவள். ஏழு மாதமாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது பட்டனைத் தடை தாண்டப் பழக்கும் இந்த ஒன்றைத்தான்.

அளவுகாரர் அளவுகோலை எடுத்தார். நிமிர்ந்த ஒரு தண்டு. அதில் ஏறி இறங்கும் குறுக்குக் குழாய். குழாய் முதுகுக்கு மேலே வந்ததும் பட்டன் நான்கு கால்களையும் மடக்கி மேசையோடு ஒட்டிக்கொண்டது.

"நாயைக் கொண்டுவரச் சொன்னா கால்மிதியைக் கொண்டுவந்திருக்கீங்களேம்மா?"

"புது இடம் சார், கூச்சம்" என்றான் அவள் கணவன்.

இரண்டாவது முறையும் அதே கதைதான். அளவுகாரர் குழாயைத் தள்ளி வைத்தார், பட்டன் எழுந்தது. அருகே கொண்டுவந்தார், படுத்தது.

"கூச்சப்படுற நாயா என் கண்ணாடிய நக்கிச்சு? இது குழாயைப் பார்த்துப் பயப்படுது. யாராவது அடிச்சீங்களா?"

"ஐயோ சார், இவ திட்டுறதெல்லாம் என்னைத்தான். அதுகிட்ட குரலைக்கூட உசத்த மாட்டா."

மறுபடி சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு, எத்தனை முறை தாண்டினாலும் பட்டனின் பின்னங்கால் பட்டுத் தடைக்குழாய் விழுந்துகொண்டே இருந்தது. விழுந்தால் புள்ளி போகும். போன் வீடியோவில் எவனோ ஒருவன் வழி சொன்னான்: தாண்டும்போது குழாயைத் தூக்கிக் காலில் ஓங்கித் தட்டு, பிறகு பார். கணவன் வேலைக்குப் போனதும் கொல்லைப்புறத்தில் தட்டினாள். ஒன்பதாவது நாள் குழாய் விழவில்லை. அன்று சந்தோஷத்தில் பட்டனைத் தூக்கிச் சுற்றினாள்.

அளவுகாரர் குரலைத் தாழ்த்தினார். "கடைசி வாய்ப்பும்மா. இதுலயும் நிக்கலைன்னா மறுபடி அளக்க ஆறு மாசம் ஆகும். வயித்துக்கடியில கையக் குடுத்துப் பிடிங்க. நின்ன மாதிரி இருந்தாப் போதும், நான் எழுதிக்கறேன்."

கையைக் கொடுத்தாள். பட்டனின் விலா எலும்புக்குள் இதயம் தறிகெட்டு அடித்தது. குழாய் இறங்கியது. தூக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் கை பட்டதற்காகவே பட்டன் நடுங்கும் கால்களை ஊன்றி நின்றது. நின்றபடியே அவள் மணிக்கட்டில் வெதுவெதுப்பாக மூத்திரம் விட்டது.

"முப்பத்தி மூணு..."

"எழுதாதீங்க சார். நான்தான் அடிச்சேன்."

"என்ன உளறுற?" என்றான் கணவன்.

"குழாயாலதான். பின்னங்கால்ல. ஒம்பது நாள்தான்."

அளவுகாரர் பேனாவை மூடினார். "எல்லாரும் எத்தனை நாள்னுதான் எண்ணிச் சொல்றாங்க" என்றார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேசையைத் துடைத்தார். "அடுத்தது யாரு?"

வாசல் படியிறங்கியதும் கணவன் நின்றான்.

"நான் வேலைக்குப் போனப்புறமா?"

"ஆமா."

"கத்துச்சா?"

"முதல் ரெண்டு நாள்."

அவன் கையை நீட்டினான். அவள் பட்டனின் கயிற்றைக் கொடுத்தாள். அவன் இழுத்தான், பட்டன் அசையவில்லை. அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. அவள் கூப்பிட்டால்தான் கிளம்பும்.

வா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.